லாபம் அவர்கள் ஆப்பில், நஷ்டம் என் கணக்கில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: பணம் கட்டிப் பங்குப் பரிந்துரை வாங்கும் சந்தா. ராணிப்பேட்டை, குடியாத்தம், காட்பாடி, ஆம்பூர், ஆரணி என்று பழைய வட ஆற்காடு முழுக்க இருந்து எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே. நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். நான்கு மாதம் முன்பு ஒரு பங்குப் பரிந்துரை ஆப்பில் ஆண்டுச் சந்தா கட்டினேன். 24,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவு பெற்றவர்கள்தான். அவர்கள் சொன்ன 14 பங்குகளையும் வாங்கினேன். மொத்தம் போட்டது 2,50,000 ரூபாய். ஆப்பைத் திறந்தால் ‘எங்கள் பரிந்துரைகளின் சராசரி வருமானம் 31 சதவீதம்’ என்று பச்சை எழுத்தில் இருக்கிறது. வாங்கிய பங்குகள் இருக்கும் என் டீமேட் கணக்கிலோ 22,000 ரூபாய் நஷ்டம். சந்தாவைத் திருப்பிக் கேட்டால், ‘ரீஃபண்ட் கிடையாது, இன்னும் 15,000 கட்டினால் பிரீமியம் பிளானுக்கு மாற்றித் தருகிறோம்’ என்கிறார்கள். நான் ஏமாந்துவிட்டேனா அம்மா?
– வாசகர், ராணிப்பேட்டை

ஐயா, நீங்கள் அனுப்பிய கணக்கு அறிக்கையையும் ஆப்பில் எடுத்த படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். அந்த 31 சதவீதம் எப்படி வந்தது என்று புரிந்துகொள்ள ஆறாவது பங்கு ஒன்றே போதும். காலை 11 மணிக்கு 142 ரூபாயில் ‘வாங்கு’ என்று செய்தி வந்திருக்கிறது. சின்ன கம்பெனி, ஒரு நாளில் கைமாறும் பங்குகளே குறைவு. அதே செய்தி அதே நிமிடம் எல்லாச் சந்தாதாரருக்கும் போகிறது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாங்கப் போனால் விலை ஏறத்தானே செய்யும்? உங்களுக்கு 153 ரூபாயில்தான் கிடைத்திருக்கிறது. அவர்கள் சொன்ன இலக்கு 170. ஒரு நாள் மதியம் கொஞ்ச நேரம் 170-ஐத் தொட்டுவிட்டு இறங்கிய பங்கு, இப்போது 118-ல் நிற்கிறது. ஆப்பில் இது ‘இலக்கு எட்டியது, 19.7 சதவீத லாபம்’ என்று பதிவாகிக் கணக்கு முடிந்துவிட்டது. உங்கள் கணக்கில் கிட்டத்தட்ட 23 சதவீத நஷ்டத்தோடு அப்படியே கிடக்கிறது. ‘விற்றுவிடுங்கள்’ என்று ஒரு செய்தியாவது வந்ததா என்று தேடினேன். நீங்கள் அனுப்பியவற்றில் அப்படி எதுவும் இல்லை.

அப்புறம், அந்தச் சராசரியில் இருப்பவை முடிந்த பரிந்துரைகள் மட்டும். இறங்கிப்போன ஐந்து பங்குகளும் ‘நடப்பில் உள்ளவை’ என்று வேறு பக்கத்தில் இருக்கின்றன. அவை கணக்கில் சேரவே இல்லை. லாபம் வந்ததும் முடித்துவிடுவது, நஷ்டமானால் திறந்தே வைத்திருப்பது என்று போனால் எந்தச் சராசரியும் பச்சையாகத்தான் இருக்கும். ஆகவே இனி அந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம். நீங்கள் எந்தத் தேதியில் எவ்வளவு போட்டீர்களோ, அதே தேதியில் அதே பணத்தை ஒரு நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் (50 பெரிய கம்பெனிகளின் பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் ஃபண்ட்) போட்டிருந்தால் இன்று எவ்வளவு இருக்கும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே உங்கள் பங்குகளின் இன்றைய மதிப்பை எழுதி, அதிலிருந்து சந்தாவைக் கழியுங்கள். உங்களுக்கு வேண்டிய கணக்கு இதுதான்.

சந்தாவைக் கழிப்பதில்தான் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. 24,000-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 4,320. ஆக மொத்தம் 28,320 ரூபாய். நீங்கள் போட்ட 2,50,000 ரூபாயில் இது 11.3 சதவீதம். அதாவது உங்கள் பங்குகள் ஒரு வருடத்தில் 11.3 சதவீதம் ஏறினால்தான் நீங்கள் கட்டிய சந்தாவே திரும்பி வருகிறது. புரோக்கரேஜ், வாங்கும்போதும் விற்கும்போதும் பிடிக்கும் 0.1 சதவீத பங்குப் பரிவர்த்தனை வரி (எஸ்டிடி), ஒரு வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீத வரி எல்லாம் அதற்கு மேல். இதே சந்தாவை 25 லட்சம் முதல் வைத்திருப்பவர் கட்டினால் அவருக்கு அது 1.13 சதவீதம்தான். பரிந்துரை நன்றாக இருக்கிறதா இல்லையா என்ற பேச்சுக்கே போகவேண்டாம். உங்கள் முதல் இந்தக் கட்டணத்தைத் தாங்காது. சந்தா விற்கும் யாரும் இதை உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். அவர்கள் கேட்கும் கட்டணம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

இனி ரீஃபண்ட். இங்கே ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். பங்கு இறங்கியதற்காகப் பணம் திரும்பக் கிடைக்காது. பரிந்துரை தவறிப்போவது குற்றம் இல்லை. நான்கு மாத நஷ்டத்தை வைத்து ஒரு சேவையை மோசம் என்று முடிவு கட்டவும் முடியாது. ஆனால் ‘ரீஃபண்டே கிடையாது’ என்பது தவறு. செபி பதிவு பெற்ற ரிசர்ச் அனலிஸ்ட்டின் (பங்குகளை ஆராய்ந்து பரிந்துரை சொல்பவரின்) சேவையை இடையில் நிறுத்தினால், பயன்படுத்தாத காலத்துக்கான கட்டணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 12 மாதத்தில் 4 மாதம் போய்விட்டது. மீதி 8 மாதத்துக்கு 16,000 ரூபாய். சந்தா எடுத்தபோது உங்களுக்கு அனுப்பிய விதிமுறைகளிலேயே இது இருக்கவேண்டும். இந்தத் தொகையைக் கேட்டு அவர்களுடைய குறைதீர் அதிகாரிக்கு முதலில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசாதீர்கள், பேசியதற்குச் சாட்சி இருக்காது. பதில் சரியில்லை என்றால் செபியின் ‘ஸ்கோர்ஸ்’ தளத்தில் புகார் பதியுங்கள். 21 நாளுக்குள் அவர்கள் நடவடிக்கை அறிக்கை தரவேண்டும். பிரீமியம் பிளானுக்கு 15,000 கேட்ட செய்தியையும் புகாரில் இணையுங்கள். சந்தா கட்டும் முன்பே அந்த 31 சதவீதத்தை விளம்பரமாகக் காட்டியிருந்தால் அந்தப் படத்தையும் சேருங்கள்; பழைய வருமானத்தைக் காட்டி ஆள் சேர்ப்பதற்கு 2023-ல் வந்த செபி விளம்பர விதியிலேயே தடை இருக்கிறது.

‘ஏமாந்துவிட்டேனா’ என்று கேட்டீர்கள். இல்லை ஐயா. பதிவு இருக்கிறதா என்று பார்த்துத்தான் கட்டியிருக்கிறீர்கள். பலர் அதைக்கூடச் செய்வதில்லை. அடுத்த கடிதத்தைப் படியுங்கள்.

என் வீட்டுக்காரர் லுங்கி வியாபாரம் செய்கிறார். டெலிகிராமில் ஒரு ‘விஐபி’ குரூப்பில் மாதம் 5,000 கட்டித் தினமும் ஆப்ஷன் (விலை ஏறுமா இறங்குமா என்பதை வைத்துப் பணம் போடும் ஒப்பந்தம்) ‘கால்’, அதாவது பரிந்துரை, வாங்குகிறார். பணம் போவது ஒரு தனி ஆளின் ஜிபே எண்ணுக்கு. குரூப்பில் ‘கல்விக்காக மட்டும், நாங்கள் செபி பதிவு பெற்றவர்கள் இல்லை’ என்று எழுதியே இருக்கிறது. இதுவரை 3 லட்சம் போயிருக்கும். என் எட்டு பவுன் நகை அடகில் இருக்கிறது. இப்போது அந்த அட்மின், ‘உங்கள் டிரேடிங் லாகினைக் கொடுங்கள், நாங்களே மீட்டுத் தருகிறோம், லாபத்தில் பாதி எங்களுக்கு’ என்கிறாராம். இவர் கொடுத்துவிடலாம் என்கிறார். நான் என்ன செய்ய?
– வாசகி, குடியாத்தம்

கொடுக்கவே கூடாது அம்மா. இதழ் கைக்கு வந்ததும் அவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் பாஸ்வேர்டையும் பின் எண்ணையும் இப்போதே மாற்றச் சொல்லுங்கள். பதிவு பெற்ற ஆலோசகர்கள்கூட லாகினையோ ஓடிபியையோ கேட்கக் கூடாது என்பது விதி. பதிவே இல்லாத ஒருவரிடம் அதைக் கொடுத்தால் நஷ்டம் எந்த இடத்தில் நிற்கும் என்று யாராலும் சொல்லமுடியாது. லாபத்தில் பாதி அவருக்கு; நஷ்டம் வந்தால் முழுதும் உங்களுக்கு. அவருக்கு இதில் இழக்க ஒன்றுமே இல்லை.

‘கல்விக்காக மட்டும்’ என்று எழுதி வைத்தால் தப்பித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 2023 அக்டோபரில், ‘பாப் ஆஃப் சார்ட்’ என்ற பெயரில் பயிற்சி வகுப்பு என்று சொல்லிப் பணம் வாங்கி, பதிவில்லாமல் பங்கு ஆலோசனை கொடுத்ததாக ஒருவர் மேல் செபி இடைக்கால உத்தரவு போட்டு, வசூலித்த 17 கோடி ரூபாய்க்கு மேலான தொகையைத் தனிக் கணக்கில் கட்டச் சொன்னது. மேலே என்ன பெயர் எழுதினாலும், உள்ளே ‘இதை வாங்கு, இந்த விலையில் விற்று வெளியே வா’ என்று காசு வாங்கிக்கொண்டு சொன்னால் அது ஆலோசனைதான்.

இந்தக் குரூப்புகள் ஆட்களை எப்படி நம்ப வைக்கின்றன என்பதையும் உங்கள் வீட்டுக்காரர் தெரிந்துகொள்ளட்டும். ஒரு குரூப்பில் ‘ஏறும்’ என்று கால் கொடுத்து, இன்னொரு குரூப்பில் ‘இறங்கும்’ என்று கால் கொடுப்பார்கள். ஏதாவது ஒன்று பலிக்கும். பலித்த குரூப்பில் மறுநாள் லாப ஸ்கிரீன்ஷாட் வரும், மற்ற குரூப்பில் அந்தச் செய்தியே அழிக்கப்பட்டிருக்கும். டெலிகிராமில் அட்மின் அழித்தால் எல்லோருக்கும் அழிந்துவிடும். அவரிடம் ஒரே ஒரு வேலை சொல்லுங்கள்: குரூப்பில் வரும் ஒவ்வொரு பரிந்துரையையும், வந்த நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதட்டும், பணம் எதுவும் போடாமல். லுங்கிக் கணக்கு எழுதத் தெரிந்த மனிதர்தானே? இரண்டு வாரம் எழுதினால் அவருக்கே தெரிந்துவிடும்.

அவர் மட்டும் தோற்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில், ஃபியூச்சர்ஸ் ஆப்ஷன்ஸில் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணம் இழந்தார்கள் என்பது செபியே வெளியிட்ட ஆய்வு. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அடுத்த ஆண்டிலும் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம்தான். ‘விட்டதைப் பிடிக்கிறேன்’ என்று இன்னொரு லட்சத்தோடு உள்ளே போகிறவர் இந்தக் கூட்டத்தில்தான் போய்ச் சேருகிறார்.

3 லட்சத்தில் எது திரும்பும்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சந்தையில் அவரே ஆர்டர் போட்டு இழந்த பணம் எதிர்ப்பக்கம் நின்றவருக்குப் போய்விட்டது. அட்மினிடம் கேட்டாலும் காவல் நிலையத்தில் கேட்டாலும் அது வராது. மாதம் 5,000 கட்டிய சந்தா வேறு. பதிவில்லாமல் வாங்கிய கட்டணம் அது. ஜிபே ரசீதுகள், குரூப் செய்திகள் எல்லாவற்றையும் இப்போதே படமெடுத்து வையுங்கள். குரூப்பை விட்டு வெளியே வந்தபின் எதுவும் கிடைக்காது. சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் பேசுங்கள், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள், செபிக்கும் எழுதுங்கள். எவ்வளவு திரும்பும் என்று என்னால் உறுதி சொல்லமுடியாது. ஆனால் அந்த ஜிபே எண்ணுக்கு அடுத்து வேறொருவர் வீட்டு நகை போகாமல் நிற்கும்.

நகை பற்றி: குடியாத்தம் கிளையில் நான் நகைக்கடன் பார்த்த காலத்தில், வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போய் கடைசியில் ஏலத்துக்கு வந்த நகைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்கள் கவுண்டரில் நின்ற நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நீங்கள் புதுப்பிக்க வேண்டாம். டிரேடிங் கணக்கில் மீதி என்ன இருக்கிறதோ அதை எடுத்து முதலில் அசலைக் குறையுங்கள். நகைக்கடன் வட்டியை நிறுத்துவதைவிட உறுதியான லாபம் இப்போது உங்கள் வீட்டுக்கு வேறு கிடையாது. அவரிடம் சண்டை போடாதீர்கள். வெளியே சொல்ல வெட்கப்படுகிற மனிதர்களைத்தான் இந்த அட்மின்கள் திரும்பத் திரும்பப் பிடிக்கிறார்கள். வீட்டில் பேச இடம் இருந்தால் அவர் வெளியே வந்துவிடுவார்.

2022-ல் நம் பக்கத்து நிதி நிறுவனம் ஒன்றில் மாத வட்டி ஆசையில் பணம் போட்டு இழந்த குடும்பம் எங்களுடையது. இப்போது என் மகன் பங்குப் பரிந்துரைக்குச் சந்தா கட்டியிருக்கிறான். கேட்டதிலிருந்து தூக்கம் வரவில்லை. இரண்டும் ஒன்றுதானா?
– வாசகி, காட்பாடி

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அந்த வருடம் வேலூர், காட்பாடி, ஆரணிப் பக்கம் எத்தனை வீடுகள் அழுதன என்பது நமக்குத் தெரியும். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. அங்கே முதல் பணத்தையே அவர்கள் கையில் கொடுத்தீர்கள். இங்கே மகன் கொடுத்தது சந்தா மட்டும். பங்குகள் அவன் பெயரில் டீமேட் கணக்கில் இருக்கும். பரிந்துரை சொல்பவர் ஓடிப்போனாலும் பங்கு எங்கேயும் போகாது. விலை இறங்கலாம், அது வேறு ஆபத்து.

ஒரே ஒரு கேள்வி மட்டும் மகனிடம் கேளுங்கள்: பங்கு வாங்கும் பணத்தை யாருடைய கணக்குக்கு அனுப்புகிறாய்? பதிவு பெற்ற புரோக்கரிடம் உள்ள தன் சொந்த டிரேடிங் கணக்குக்கு என்றால் சரி. பரிந்துரை சொல்பவர் கொடுத்த வங்கிக் கணக்குக்கு, அவர் அனுப்பிய லிங்கில் இறக்கிய ஆப்புக்கு என்றால், உங்கள் 2022 அனுபவம் அப்படியே திரும்ப நடக்கிறது என்று அர்த்தம். அந்தப் போலி ஆப்புகளில் லாபம் ஏறிக்கொண்டே போகும். எடுக்கப் போனால் ‘முதலில் வரி கட்டு’ என்பார்கள். கட்டக் கூடாது. சந்தேகம் தீர, டீமேட் பங்குகளைப் பதிந்து வைக்கும் என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல்லில் இருந்து அவனுக்கு மின்னஞ்சலில் வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வாங்கியதாகச் சொல்லும் பங்குகள் அதில் இருக்கவேண்டும். இருந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள்.

நான் கேட்காமலே ஆண்டுச் சந்தா தானாகப் புதுப்பித்து 11,798 ரூபாய் எடுத்துவிட்டார்கள். ஓடிபி கூட வரவில்லை. இது எப்படி?
– வாசகர், ஆம்பூர்

முதல் முறை கட்டும்போது ‘ஆட்டோ பே’ என்ற கட்டத்துக்குச் சம்மதம் கொடுத்திருப்பீர்கள். 15,000 ரூபாய் வரை இப்படி எடுக்க ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை. ஆனால் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது உங்களுக்கு அறிவிப்பு வந்திருக்கவேண்டும், அதிலேயே மறுக்கவும் வழி இருக்கவேண்டும். இது ரிசர்வ் வங்கி விதி. குறுஞ்செய்திகளைத் தேடிப் பாருங்கள். வரவில்லை என்றால் வங்கியில் புகார் கொடுங்கள். அவர்கள் பதிவு பெற்ற ரிசர்ச் அனலிஸ்ட் என்றால் சேவையை உடனே நிறுத்தச் சொல்லி மின்னஞ்சல் போடுங்கள். ராணிப்பேட்டை ஐயாவுக்குச் சொன்ன அதே விதிப்படி மீதிக் காலத்துக் கட்டணம் திரும்பவேண்டும், உங்களுக்கு அது ஏறக்குறைய முழுத் தொகை. தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் அது குறையும். கையோடு யுபிஐ ஆப்பில் அந்த ஆட்டோ பே அனுமதியையும் ரத்து செய்துவிடுங்கள்.

எல்லாச் சந்தாவும் மோசம் என்று சொல்கிறீர்களா? நான் செவிலியர். கம்பெனி அறிக்கைகளைப் படிக்க எனக்கு நேரம் இல்லை. ஒரு நல்ல சேவைக்குப் பணம் கொடுப்பதில் என்ன தவறு?
– வாசகி, சத்துவாச்சாரி, வேலூர்

தவறே இல்லை. உழைத்து ஆராய்ந்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும். எந்தச் சேவை அப்படிப்பட்டது என்று கட்டும் முன்பே ஓரளவு தெரிந்துகொள்ளலாம்.

பதிவு எண்ணை அவர்கள் ஆப்பில் பார்த்தால் போதாது, செபியின் தளத்தில் தேடுங்கள். ரிசர்ச் அனலிஸ்ட் எண் ‘ஐஎன்எச்’ என்று தொடங்கும், முதலீட்டு ஆலோசகர் எண் ‘ஐஎன்ஏ’ என்று. இன்னொருவர் எண்ணைத் தன்னுடையது என்று போடுகிறவர்களும் உண்டு, அதனால் பெயரும் முகவரியும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பணம் கட்டும் யுபிஐ முகவரியில் ‘@valid’ என்றும் அதை ஒட்டி வங்கியின் பெயரும் இருக்கிறதா, பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் குறி வருகிறதா என்றும் பாருங்கள். பதிவு பெற்றவர்களுக்கென்று 2025 அக்டோபரில் வந்த ஏற்பாடு இது. ரொக்கமாகக் கேட்டால் விலகிவிடுங்கள். ஒரு குடும்பத்திடம் ரிசர்ச் அனலிஸ்ட் ஆண்டுக்கு அதிகபட்சம் 1,51,000 ரூபாய்தான் வாங்கலாம், வரி தனி.

அவர்களுடைய பழைய பரிந்துரை இரண்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒன்று ஜெயித்தது, ஒன்று தோற்றது. தோற்றதைப் பற்றி அவர்கள் பிறகு என்ன எழுதினார்கள் என்பதைத்தான் நான் முதலில் படிப்பேன். எப்போது விற்கவேண்டும், எந்தக் காரணம் பொய்த்தால் வெளியே வரவேண்டும், உங்கள் பணத்தில் எத்தனை சதவீதம் அதில் போடலாம் என்று எழுதியிருந்தால் அதற்குக் காசு கொடுக்கலாம். பங்கின் பெயர், வாங்கும் விலை, இலக்கு என்று மூன்று வரி மட்டும் வந்தால் வேண்டாம்.

இன்னொன்று கேளுங்கள்: நீங்கள் பரிந்துரைத்த பங்கு உங்களிடமே இருக்கிறதா? அதை அவர்கள் வெளிப்படையாகச் சொல்லியாகவேண்டும். தனிநபர் அனலிஸ்ட் பரிந்துரை வெளியிடுவதற்கு 30 நாள் முன்பும் 5 நாள் பின்பும் அந்தப் பங்கில் வாங்கல் விற்றல் செய்யக் கூடாது என்றும் விதி இருக்கிறது. கேள்வி கேட்டதும் கோபப்படுகிறாரா, எழுத்தில் பதில் தருகிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

கடைசியாக, உங்கள் முதலை எழுதி அதில் சந்தா எத்தனை சதவீதம் என்று போடுங்கள். என் கணக்கில் அது 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 5,000 ரூபாய் சந்தா என்றால் கையில் 5 லட்சம் பங்குப் பணம் இருக்கவேண்டும். அவ்வளவு சேரும் வரை இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் போட்டு வாருங்கள். அதற்கு ஆகும் ஆண்டுச் செலவு சந்தாவோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, உங்கள் நேரமும் மிச்சம்.

எனக்குச் சந்தா விற்ற நிறுவனத்தின் மேல் ஸ்கோர்ஸில் புகார் போட்டேன். ‘பிரச்சினை தீர்க்கப்பட்டது’ என்று அவர்களே எழுதி முடித்துவிட்டார்கள். எனக்கு ஒரு பைசா வரவில்லை. இனி?
– வாசகர், ஆரணி

அவர்கள் எழுதியதோடு முடிந்துவிடாது. அந்த அறிக்கை வந்த 15 நாளுக்குள் ‘திருப்தியில்லை, மறுபரிசீலனை வேண்டும்’ என்று அதே தளத்தில் பதியுங்கள். பணம் வரவில்லை என்பதற்கு வங்கிக் கணக்கு அறிக்கையை இணையுங்கள். அதிலும் சரிவராவிட்டால் ‘ஸ்மார்ட் ஓடிஆர்’ என்ற இணையவழித் தீர்வு முறைக்குப் போகலாம். அங்கே சமரசமும் நடுவர் தீர்ப்பும் உண்டு. மாவட்ட நுகர்வோர் ஆணையமும் திறந்தே இருக்கிறது, 5 லட்சம் வரையிலான விஷயத்துக்கு அங்கே மனுக் கட்டணம் இல்லை. படிவத்தில் எங்காவது சிக்கினால் செபியின் கட்டணமில்லா எண் 1800 266 7575. தமிழிலேயே பேசலாம். புகார் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் தேதிப்படி இன்னும் ஆறு நாள் இருக்கிறது.